ஒலுவில் மணலை அசைத்துக் காட்ட எத்தனை மணித்தியாலம்? முப்பரிமாண அனிமேஷனும் வேகமான கணினியும்

ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்களில் ஏறி நின்று பார்ப்பவருக்கு அங்கு நடந்தது பாதிதான் விளங்கும். தெற்கே, பாலமுனைப் பக்கமாக, மணல் சேர்ந்து கிடக்கின்றது. வடக்கே, நிந்தவூரை நோக்கிய கரையில், கடல் தென்னந்தோட்டங்களையும் வாடிகள் இருந்த நிலத்தையும் விழுங்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கின்றது. நடுவில், படகுகள் உள்நுழைய வேண்டிய வாயிலையே மணல் மூடுகின்றது. ஒரே மணல்தான். ஓரிடத்தில் கூடியது இன்னோரிடத்தில் குறைந்திருக்கின்றது. ஆனால் அது நகர்ந்த விதத்தை ஒரு புகைப்படத்தில் காட்ட முடியாது. அது பல வருடங்களில் நடந்தது.

டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் கட்டத் தொடங்கி, 2013 செப்டெம்பர் 1 ஆம் திகதி திறந்து வைக்கப்பட்ட துறைமுகம் இது. யுத்தம் முடிந்த கையோடு கிழக்குக்கு வந்த பெரிய அபிவிருத்தித் திட்டங்களுள் ஒன்று. வணிகக் கப்பல்கள் வழமையாக வந்துபோகும் துறைமுகமாக அது மாறவில்லை. மீன்பிடிப் படகுகளும் மணல் அடைப்பினால் வாயிலில் சிக்கின. தோண்ட வேண்டும் என்று ஒரு தரப்பும், தோண்டினால் கரை இன்னும் போகும் என்று இன்னொரு தரப்பும் கேட்ட காலமும் உண்டு. ஒரு தரப்பின் படகு நின்றுபோனது, மற்றத் தரப்பின் காணி போனது.

கிழக்குக் கரையில் அலைகள் மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகின்றன. அந்த ஓட்டத்தின் குறுக்கே கல்லணை நீட்டினால் அதன் தெற்கில் மணல் தேங்கும், வடக்கில் கரைக்கு வரவேண்டிய மணல் வராமற்போகும். இதை ஒரு கூட்டத்தில் வாயால் விளக்கினால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டு நிமிடப் படமாக, கடலும் கரையும் மணலும் வருடம் வருடமாக நகர்வதைத் திரையில் ஓடவிட்டால் கேள்வி கேட்பார்கள். அந்தப் படத்தை ஒலுவிலிலோ கல்முனையிலோ திருக்கோவிலிலோ இருக்கும் ஓர் இளைஞரால் வீட்டில் செய்ய முடியுமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றது. கற்றுக்கொள்ள வழியும் இருக்கின்றது. தடையாக நிற்பது பெரும்பாலும் கணினியின் வேகம்.

கணினியை மாற்றுவது என்பது இன்று ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம். ஆகவே எதை மாற்ற வேண்டும், எதை மாற்றாமலே சமாளிக்கலாம் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கணினி ஏன் மணிக்கணக்கில் யோசிக்கின்றது?

முப்பரிமாண அனிமேஷனில் முதலில் பொருட்களை உருவாக்குகின்றோம்: கல்லணை, படகு, கரை, கடல். பிறகு அவற்றுக்கு அசைவு கொடுக்கின்றோம், வெளிச்சம் வைக்கின்றோம், ஒரு கமராவை நிறுத்துகின்றோம். இதுவரை எல்லாம் கணக்குகள்தான், படம் இல்லை. அந்தக் கமரா பார்ப்பதை ஒவ்வொரு படமாகக் கணினி வரைந்து தருவதே ரெண்டரிங். அனிமேஷனில் ஒரு செக்கனுக்கு வழமையாக 24 படங்கள். ஒவ்வொன்றையும் பிரேம் என்பார்கள்.

ஒரு பிரேமை உண்மைபோல வரைய வேண்டுமானால் வெளிச்சம் எப்படிப் போகின்றது என்பதைக் கணினி பின்தொடர வேண்டும். சூரிய ஒளி கடல் நீரில் பட்டு, ஒரு பகுதி தெறித்து, ஒரு பகுதி உள்ளே வளைந்து சென்று, அடியிலுள்ள மணலில் பட்டுத் திரும்பி வருகின்றது. கணினி இதைத் தலைகீழாகச் செய்யும். கமராவிலிருந்து ஒரு கதிரை அனுப்பி, அது எங்கெங்கு மோதி எந்த வெளிச்சத்தைச் சென்றடைகின்றது என்று பார்க்கும். சாதாரண எச்.டி. படத்தில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 500 கதிர்கள் அனுப்பினால் ஒரே ஒரு பிரேமுக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட கதிர்கள். ஒவ்வொரு கதிரும் பல தடவை மோதித் தெறிக்கும். கதிர்களைக் குறைத்தால் படம் முழுவதும் புழுதி அடித்ததுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

இதில் மிகவும் சிரமமான பொருட்களுள் ஒன்று நீர். நமக்குக் கிடைத்த பாடப்பொருளே கடல் என்பது நமது துரதிர்ஷ்டம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இரண்டு நிமிடம் என்பது 120 செக்கன். 24 ஆல் பெருக்கினால் 2,880 பிரேம்கள். அலுவலகங்களில் பாவித்துக் கழித்த ஒரு பழைய மேசைக் கணினியில் ஒரு பிரேமுக்கு 10 நிமிடம் ஆகின்றது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 28,800 நிமிடங்கள், அதாவது 480 மணித்தியாலங்கள். இரவு பகலாக 20 நாட்கள். இருபதாம் நாள் படத்தைப் பார்த்து, கல்லணையின் நிறம் சரியில்லை என்று தெரிந்தால்? இன்னொரு 20 நாட்கள். வேகம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். முதல் தடவையில் யாருக்கும் படம் சரியாக வருவதில்லை. ஒன்றைத் திரும்பத் திரும்பத் திருத்திப் பார்க்க முடிகின்றவரே தொழிலைக் கற்றுக்கொள்கின்றார்.

பெரிய நிறுவனங்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. முழுவதும் கணினியில் செய்யப்பட்ட முதலாவது முழுநீளத் திரைப்படமான ‘டோய் ஸ்டோரி’ 1995 இல் வெளிவந்தபோது, பிக்சார் நிறுவனம் 117 கணினிகளை ஒன்றாக இணைத்து இரவு பகலாக ஓடவிட்டிருந்தது. ஒரு பிரேமுக்கு 45 நிமிடத்திலிருந்து 30 மணித்தியாலம் வரை எடுத்தது. இப்படி வரிசையாக அடுக்கிய கணினிக் கூட்டத்தை ரெண்டர் பாம் என்கின்றார்கள்.

எதை மாற்றுவது?

கடைக்காரரிடம் வேகமான கணினி வேண்டும் என்று மட்டும் கேட்டால், அவர் பெரும்பாலும் புரொசசரைப் பற்றியே பேசுவார். ரெண்டரிங்குக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுவல்ல, கிராஃபிக்ஸ் காட். புரொசசரில் 6, 8, 16 எனச் சில கோர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் கெட்டிக்காரத் தொழிலாளி, எந்த வேலையும் தெரியும். கிராஃபிக்ஸ் காட்டில் ஆயிரக்கணக்கான சிறிய கோர்கள் இருக்கும். அவற்றுக்குச் சில வேலைகள்தான் தெரியும், ஆனால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் செய்வார்கள். கரைவலை இழுப்பதற்கு நான்கு பயில்வான்களை விட நாற்பது சாதாரண ஆட்கள் உதவுவதுபோல. கோடிக்கணக்கான கதிர்களைப் பின்தொடர்வது கரைவலை வேலை.

உதாரணமாக, 2021 இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ் 3060 காட்டில் 3,584 கோர்களும், பெரும்பாலான பதிப்புகளில் 12 ஜீ.பி. நினைவகமும் உள்ளன. 2023 இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 4060 இல் 3,072 கோர்கள், 8 ஜீ.பி. நினைவகம். புதியது குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும். ஆனாலும் பிளெண்டர் பாவிப்பவர்கள் பலர் பழைய 3060 ஐத் தேடுவதற்குக் காரணம் அந்த 12 ஜீ.பி. தான். ரெண்டர் செய்யும்போது முழுக் காட்சியும், அதாவது கடல், கரை, மரங்கள், அவற்றின் மேற்பரப்புப் படங்கள் எல்லாம், காட்டின் சொந்த நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேகம் விழும், அல்லது ரெண்டர் பாதியில் நின்றுவிடும். வேகம் குறைந்தால் பொறுத்திருந்து எடுக்கலாம். நினைவகம் போதாவிட்டால் காட்சியையே வெட்டிக் குறைக்க வேண்டிவரும். எனவே சந்தேகம் வந்தால் நினைவகம் கூடியதை எடுங்கள் என்பதே எனது கருத்து.

ஆர்.டி.எக்ஸ் என்ற பெயரில் வரும் காட்களில் கதிர் மோதலைக் கணிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கின்றது. 2018 இலிருந்து வருவது இந்த வசதி. அதற்கு முந்திய ஜீ.டி.எக்ஸ் காட்கள் விளையாட்டுக்குப் போதும், ரெண்டரிங்கில் பின்தங்கும். ஏ.எம்.டி. காட்களிலும் பிளெண்டர் ஓடும். ஆயினும் இந்த வேலைக்கு என்விடியாவே இன்றுவரை முன்னிற்கின்றது.

காட் வாங்கும் முன் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. அலுவலகக் கணினிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் சிறியது. 170 வாற் உறிஞ்சும் ஒரு காட்டை 240 வாற் பவர் சப்ளையில் பொருத்தினால் ரெண்டர் தொடங்கியதும் கணினி அணைந்துவிடும். கேசின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஒல்லியான கேசுக்குள் பெரிய காட் போகாது. இவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தால் செலவு காட்டோடு நிற்காது. ஆனால் மதர்போர்ட், புரொசசர் பழையதாக இருப்பது நீங்கள் பயப்படுமளவுக்குத் தடையல்ல. கதிர்க் கணக்கைக் காட்டே பார்த்துக்கொள்வதால், ஐந்தாறு வருடப் பழைய கணினியிலும் நல்ல காட் தன் வேலையைச் செய்யும்.

ரெம் 16 ஜீ.பி. இருந்தால் தொடங்கலாம், 32 இருந்தால் நிம்மதி. ஆனால் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் அள்ளிக்கொண்டு போவதால் 2025 இன் கடைசி மாதங்களில் உலகெங்கும் ரெம் விலை கடுமையாக ஏறியது. வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் கணினி திறப்பதும் கோப்புகள் ஏறுவதும் வேகமாகும், ரெண்டர் நேரத்தில் அதிக மாற்றம் இருக்காது. மடிக்கணினியைப் பற்றி ஒரே வார்த்தை: மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடுவதற்கு அதன் உடம்பு இடம் கொடுக்காது.

பாவித்த காட்கள் மலிவாகக் கிடைக்கும். 2022 செப்டெம்பரில் எதேரியம் நாணயத்தைக் கிராஃபிக்ஸ் காட்களால் ‘தோண்டும்’ முறை முடிவுக்கு வந்தபோது, இரவு பகலாக ஓடிய காட்கள் உலகச் சந்தையில் கொட்டப்பட்டன. அவை எல்லாம் பழுதானவை என்றில்லை. ஆனால் வாங்கும் இடத்திலேயே அரை மணித்தியாலம் ரெண்டர் ஓடவிட்டு, வெப்பநிலையையும் விசிறிச் சத்தத்தையும் பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும். விற்பவர் அதற்கு மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

காசில்லாமல் கூட்டக்கூடிய வேகம்

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் வாங்குவதைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தொடங்கினால் யாரும் வாசிப்பதில்லை.

பிளெண்டர் என்ற மென்பொருள் ஒரு காலத்தில் ஒரு கொம்பனியின் சொத்தாக இருந்தது. அந்தக் கொம்பனி மூடப்பட்டபோது, 2002 இல் பாவனையாளர்கள் ஏழு வாரங்களில் ஓர் இலட்சம் யூரோ சேர்த்து அதை விடுவித்தார்கள். அன்றிலிருந்து அது யாருக்கும் இலவசம். அதில் இரண்டு ரெண்டர் முறைகள் முக்கியமானவை. சைக்கிள்ஸ் என்பது மேலே சொன்ன கதிர் முறை. 2019 இல் சேர்க்கப்பட்ட ஈவீ என்பது கணினி விளையாட்டுகள் பாவிக்கும் குறுக்குவழி. வெளிச்சத்தை முழுவதும் பின்தொடராமல், பார்வைக்கு அப்படித் தோன்றச் செய்யும். சைக்கிள்ஸ் பத்து நிமிடம் எடுப்பதை ஈவீ சில செக்கன்களில் தந்துவிடும்.

அது மட்டமான வழி என்று நினைக்கின்றவர்களுக்கு ஓர் உதாரணம் உண்டு. இருபது இலட்சத்துக்கும் குறைந்த சனத்தொகை கொண்ட லத்வியா நாட்டிலிருந்து கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ என்ற படம், 2025 மார்ச் மாதம் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. வெள்ளத்தில் ஊர்கள் மூழ்கிப்போக, ஒரு பூனையும் வேறு சில விலங்குகளும் படகொன்றில் மிதந்து செல்லும் கதை. வசனமே இல்லை. முழுவதும் பிளெண்டரில், ஈவீயில் செய்யப்பட்டது. ரெண்டர் பாம் எதுவும் பாவிக்கவில்லை என்றும், தனது கணினியிலேயே ஒரு பிரேமுக்கு அரைச் செக்கன் முதல் 10 செக்கன் வரையே எடுத்தது என்றும் இயக்குநர் கூறியிருக்கின்றார். படம் முழுவதும் நீர். சுனாமி கண்ட கரையில் இருப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பது வேறு ஒரு அனுபவமாக இருக்கும்.

சைக்கிள்ஸ்தான் வேண்டும் என்றாலும் வழியிருக்கின்றது. ஒரு புள்ளிக்கு 500 கதிர்களுக்குப் பதிலாக 64 அல்லது 100 அனுப்பி, மிஞ்சும் புழுதியை டீநொய்சர் என்ற வசதியால் துடைக்கலாம். வானம்போல் எளிய பகுதிகளில் கதிர்களைத் தானாகவே குறைக்கும் வசதியும் இருக்கின்றது. கதிர் எத்தனை தடவை தெறிக்கலாம் என்ற எண்ணிக்கையை 12 இலிருந்து 4 அல்லது 5 ஆகக் குறைத்தால் வெளிக்காட்சியில் வித்தியாசம் தெரிவது அரிது. ஆயிரம் தென்னைகளை ஆயிரம் தடவை பிரதி எடுக்காமல், ஒன்றையே ஆயிரம் இடங்களில் சுட்டிக்காட்டும் முறையைப் பாவித்தால் நினைவகம் மிஞ்சும்.

ஒலுவில் படத்துக்கு இன்னொரு குறுக்குவழியும் பொருந்தும். மணலைத் துகள் துகளாக அசைக்க முயலாதீர்கள். அது ரெண்டரிங்குக்கு முன்பே கணினியைக் கவிழ்க்கும் வேலை. கரையோரக் கோட்டை ஒரு வடிவமாக வரைந்து, ஒரு வருடத்தின் கோட்டிலிருந்து அடுத்த வருடத்தின் கோட்டுக்கு உருமாறச் செய்தால் போதும். அந்தக் கோடுகளை எங்கே எடுப்பது? அமெரிக்காவின் லான்ட்சற் செய்மதிப் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். அதில் ஒரு புள்ளி தரையில் 30 மீற்றர். ஐரோப்பாவின் சென்டினல் 2 செய்மதி 2015 முதல் எடுக்கும் படங்களில் ஒரு புள்ளி 10 மீற்றர். கூகுள் ஏர்த் மென்பொருளில் பழைய திகதிகளுக்குப் பின்னோக்கிச் சென்று பார்க்கும் வசதி உண்டு. துறைமுகம் வருவதற்கு முன்பிருந்த கரையையும் இன்றைய கரையையும் இவற்றிலிருந்து வரையலாம். 30 மீற்றர்ப் புள்ளியில் சிறிய அரிப்புத் தெரியாது என்பதைப் படத்திலேயே எழுதிவிட வேண்டும். காட்டுவது எதிராளியின் கண்ணிலும் நிற்க வேண்டுமல்லவா.

மின்சாரம், வெக்கை, உப்புக்காற்று

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டை நாம் கண்டோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடே இருளில் மூழ்கியதாக அமைச்சர் கூறினார். ஒரு குரங்கால் நாட்டை அணைக்க முடியுமென்றால் உங்கள் ரெண்டரை அணைக்க அதற்கு எவ்வளவு நேரம்.

இதற்கு ஒரு செலவில்லாத காப்பு இருக்கின்றது. ரெண்டரை நேரடியாக வீடியோக் கோப்பாக எடுக்காதீர்கள். ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் படமாகச் சேமியுங்கள். வீடியோவாக எடுத்தால் 2,000 ஆவது பிரேமில் மின்சாரம் போகும்போது கோப்பு முழுவதும் பாழாகலாம். படங்களாக எடுத்தால் 1,999 பிரேம்கள் பத்திரமாக இருக்கும், அடுத்ததிலிருந்து தொடரலாம். 2,880 படங்கள் ஒவ்வொன்றும் 3 எம்.பி. என்றால் மொத்தம் 9 ஜீ.பி. கூட வராது. கடைசியில் அவற்றை வீடியோவாக இணைப்பது சில நிமிட வேலை. யூ.பி.எஸ். ஒன்றும் இருந்தால் நல்லது, ஆனால் அது சில நிமிடம் தாங்குவதற்கும் ஒழுங்காக அணைப்பதற்கும் மட்டுமே.

மின்கட்டணத்தையும் கணக்கிடுவோம். பழைய கணினி 150 வாற் எடுத்து 480 மணித்தியாலம் ஓடினால் 72 அலகு. புதிய காட் போட்ட கணினி 300 வாற் எடுக்கும், ஆனால் ஒரு பிரேமை ஒரு நிமிடத்தில் முடித்தால் 48 மணித்தியாலத்தில் வேலை முடியும். அது 14.4 அலகு மட்டுமே. ஈவீயில் பிரேமுக்கு 10 செக்கன் என்றால் 8 மணித்தியாலம், சுமார் இரண்டரை அலகு. அதிக வாற் உறிஞ்சும் இயந்திரம் குறைந்த மின்சாரத்தில் முடிப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நமது வீட்டுப் பட்டியலில் அலகுகள் கூடக் கூட ஓர் அலகின் விலையும் ஏறுவதால், அந்த 72 அலகு மாதக் கணக்கில் ஏறும்போது முழு வீடும் மேல் கட்டத்துக்குத் தள்ளப்படலாம்.

கரையோர ஊர்களுக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்து காட்டின் செருகும் முனைகளையும் பவர் சப்ளையின் உட்பக்கத்தையும் அரிக்கும். கடலைப் பார்த்த யன்னலுக்கு அருகில் கணினியை வைக்க வேண்டாம். பாவிக்காத நாட்களிலும் சற்று நேரம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. தூசியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊதி எடுங்கள். வெப்பம் கூடும்போது புரொசசரும் காட்டும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். வைகாசி வெயிலில் மூடிய அறைக்குள் ஓடும் விலை கூடிய காட், காற்றோட்டமான இடத்தில் ஓடும் மலிவான காட்டிடம் தோற்பதும் நடக்கும். ரெண்டரை இரவில் ஓடவிடுவது இதற்காகவும்தான். நிலத்தொடுப்புக் கம்பி இல்லாத வீடுகளில் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பிறகு காட் வாங்கலாம்.

ஒருவரிடம் இல்லாதது முப்பது பேரிடம் இருக்கலாம்

துறைமுகத்திலிருந்து சற்றுத் தூரத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. யுத்தச் சூழலில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் படிப்பைத் தொடர முடியாமற்போன முஸ்லிம் மாணவர்களின் தேவையில் 1995 இல் தொடங்கப்பட்டு, இன்று எல்லாச் சமூக மாணவர்களும் படிக்கும் இடம். 2012 முதல் அங்கு பொறியியல் பீடமும் உண்டு. பல்கலைக்கழகங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பெரிய பாடசாலைகளிலும் கணினி ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. அவை இரவில் தூங்குகின்றன.

30 பழைய கணினிகள், ஒவ்வொன்றும் ஒரு பிரேமுக்கு அதே 10 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் 96 பிரேம்கள் வரும். 960 நிமிடம், அதாவது 16 மணித்தியாலத்தில் 2,880 பிரேம்களும் முடிந்துவிடும். புதிய காட் எடுத்த 48 மணித்தியாலத்தை விட இது மூன்றிலொரு பங்கு. பிளெண்டர் அமைப்பே வெளியிடும் ஃபிளமெங்கோ என்ற இலவச மென்பொருள் இப்படி வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும். ஆய்வுகூடப் பொறுப்பாளரின் அனுமதியும் மின்கட்டணத்துக்கு ஒரு ஏற்பாடுமே தேவை. பிக்சார் 1995 இல் செய்ததும் இதுதான், கணினிகளின் எண்ணிக்கையில் மட்டுமே வித்தியாசம்.

இணையத்தில் ஷீப்இற் என்ற இலவச ரெண்டர் பாமும் உண்டு. உங்கள் கணினி மற்றவர்களின் பிரேம்களை வரைந்து புள்ளி சேர்க்கும், அந்தப் புள்ளிகளுக்கு மற்றவர்களின் கணினிகள் உங்கள் பிரேம்களை வரையும். முறைவைத்து வயலறுக்கும் ஒழுங்குபோல. ஆனால் உங்கள் கோப்பு முன்பின் தெரியாதவர்களின் கணினிகளுக்குப் போகின்றது என்பதை மறக்கக் கூடாது.

துறைமுகப் படத்துக்கு அது பிரச்சினையில்லை. வேறு சிலவற்றுக்குப் பிரச்சினை. சிரியாவின் செய்ட்னாயா சிறைக்குள் எந்தப் பத்திரிகையாளரும் போக முடியாதிருந்த காலத்தில், லண்டனைத் தளமாகக் கொண்ட ஃபொரென்சிக் ஆர்க்கிடெக்சர் குழு சர்வதேச மன்னிப்புச் சபையுடன் சேர்ந்து, உயிர்தப்பியவர்களின் நினைவுகளிலிருந்து அந்தச் சிறையை முப்பரிமாணத்தில் கட்டியெழுப்பி 2016 இல் வெளியிட்டது. கண்கள் கட்டப்பட்டிருந்தவர்கள் காலடிச் சத்தத்தையும் கதவுச் சத்தத்தையும் கொண்டு அறைகளின் அளவைச் சொன்னார்கள். நமது மண்ணிலும் இல்லாமற்போன வீடுகள், தெருக்கள், பாடசாலைகள், முகாம்கள் இருக்கின்றன. அம்பாறைக் கரையில் 2004 டிசெம்பர் 26 அன்று மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீடுகளோடு புகைப்பட அல்பங்களும் போயின. நினைவிலிருந்து ஒரு வீட்டையோ ஒரு சம்பவத்தையோ திரும்பக் கட்டும் வேலையில் சாட்சிகளின் பெயர்களும் இடங்களும் கோப்புக்குள் இருக்கும். அவற்றை இணையத்துக்கு அனுப்பக் கூடாது. வலைப்பின்னலில் இணைக்காத, சொந்தமான ஒரு நல்ல கணினி அத்தியாவசியமாவது இவ்வாறான வேலைக்கே. சங்கங்களோ அமைப்புகளோ பணம் செலவிடுவதானால் இந்தத் தேவையை முதலில் நினைக்கலாம்.

கடன் எடுத்து வாங்கலாமா?

இந்தக் கேள்விக்கு எனது பதில் இல்லை என்பதே. காரணத்தைச் சொல்கின்றேன். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டே மாதங்களில் 350 ஐத் தாண்டியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இறக்குமதியாகும் காட்டின் விலையை இந்த இரண்டுமே தீர்மானிக்கின்றன, உங்கள் உழைப்பல்ல. மறுபக்கம், அனிமேஷன் துறையின் வேலைகள் நிலையானவை அல்ல. ஹொலிவூட் படங்களுக்கு வேலை செய்த டெக்னிகலர் குழுமம் 2025 பெப்ரவரியில் சரிந்தபோது, பெங்களூரு உட்பட இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். தவணைக் கடன் வடக்கு கிழக்கில் எத்தனை குடும்பங்களைச் சாய்த்தது என்பதை இங்கு எழுதத் தேவையில்லை.

உள்ளூரில் உடனடியாக வருமானம் தரக்கூடியது வீட்டு வரைபடங்களுக்கான முப்பரிமாணப் படங்கள். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் வீடு கட்டுபவர்களும், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிக் கட்டுவிப்பவர்களும் முன்கூட்டியே வீட்டைப் பார்க்க விரும்புகின்றார்கள். அதற்கு 2,880 பிரேம் தேவையில்லை, நான்கைந்து படங்கள் போதும். இருக்கும் கணினியில் இரவில் ஓடவிட்டால் காலையில் கிடைத்துவிடும். அந்த வருமானத்தில் காட்டை வாங்கலாம்.

வாங்கிய பிறகு நடப்பது ஒன்றும் இருக்கின்றது. கணினி வரைகலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜிம் பிளின்னின் பெயரால் ஒரு விதி சொல்லப்படுகின்றது: கணினி எவ்வளவு வேகமானாலும் ஒரு பிரேமுக்கு எடுக்கும் நேரம் குறைவதில்லை. வேகம் வந்தவுடன் கலைஞர் இன்னும் நுரை, இன்னும் மரம், இன்னும் நிழல் என்று சேர்த்துவிடுகின்றார். ஒலுவில் படத்தில் நுரை அழகாக இருக்க வேண்டியதில்லை. கரைக்கோடு சரியாக இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு ரூபாவும் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். இருக்கும் கணினியில் பிளெண்டரை இறக்கி, கல்லணையையும் கடலையும் பெட்டிகளும் தகடுகளுமாக அமைத்து, ஈவீயில் படத்தின் ஐந்து வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து பிரேம்களை மட்டும் ரெண்டர் செய்யுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை செக்கன் எடுத்தது என்று குறித்துக்கொண்டு, சராசரியை 2,880 ஆல் பெருக்கி 3,600 ஆல் வகுத்தால் மணித்தியாலம் கிடைக்கும். விடை 60 இற்குக் குறைவாக வந்தால் உங்களுக்குக் காட் தேவையில்லை, ஐந்தாறு இரவுகள் போதும்.